வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய எந்த விபிஎன் வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு திருச்சியில், வேலை பெங்களூரில். வீட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஒரு நாஸ் பெட்டி, நான்கு கேமராவின் படத்தைப் பதிவுசெய்யும் ஒரு டிவிஆர், அப்பாவின் வாடகைக் கணக்கு இருக்கும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். இந்த மூன்றையும் பெங்களூரிலிருந்து பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (போர்ட் என்ற எண்ணிட்ட கதவுக்கு வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்தும் வேலைக்கு ஆகவில்லை. "நல்ல விபிஎன் ஒன்றுக்குச் சந்தா கட்டினால் சரியாகிவிடுமா? எது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் கேட்டது நல்லதாகப் போயிற்று.

விபிஎன் என்பது இணையத்தின் நடுவே இரண்டு இடங்களுக்கு இடையில் போடும் பூட்டிய சுரங்கம். யூடியூப்பில் பாதி வீடியோவை நிறுத்திவிட்டு விளம்பரம் செய்கிறார்களே, அந்த விபிஎன்கள் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் போக்குவரத்தை அவர்களுடைய சர்வருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இணையத்துக்குள் விடுபவை. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்த்திசை. வெளியே இருக்கும் நீங்கள் வீட்டுக்குள் வர வேண்டும். அதற்கு விபிஎன் சர்வர் உங்கள் வீட்டிலேயே ஓட வேண்டும். வருடச் சந்தா கட்டினாலும் அந்த வகை விபிஎன் உங்களை டிவிஆர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தாது. ஆக, எது வாங்கலாம் என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வர வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். கோவையில் கிளினிக்குகளுக்கும் சின்ன கம்பெனிகளுக்கும் பதினைந்து வருடமாக நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவன் நான். "விபிஎன் வேலை செய்யவில்லை" என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் கீழே ரிசப்ஷனில் ஒரே ஒரு போன் இருந்த காலம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மேலே நாற்பது அறை. யார் வேண்டுமானாலும் கீழே வந்து வெளியே பேசலாம். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் அந்த எண்ணுக்கு அழைத்து "அவரைக் கூப்பிடுங்கள்" என்றால், எந்த அறைக்கு ஆள் அனுப்புவது என்று ரிசப்ஷனில் இருப்பவருக்குத் தெரியாது. இன்று நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றின் நிலை இதுதான். இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண் முகவரிதான் ஐபி. அதன் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலக அளவில் பங்கிட வைத்திருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். இப்படிப் பகிர்வதற்கென்றே 2012-இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் நீங்கள் திறந்த போர்ட் உங்கள் அறைக் கதவு. கீழே ரிசப்ஷனில் இருப்பவருக்கு அது திறந்திருப்பதே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். வீட்டில் யாரையாவது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று போட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடி, வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்த முகவரி இருக்கிறது, வேலை சுலபம். ரவுட்டரில் இருப்பது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தாலோ, 10 என்று தொடங்கினாலோ, 172.16-க்கும் 172.31-க்கும் நடுவில் இருந்தாலோ சிஜிநாட் என்று வைத்துக்கொள்ளலாம். 192.168 என்று தொடங்கினால் ஒரு சின்ன வித்தியாசம்: நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக ஓட, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொரு முறை பிரிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியானால் முன்னால் இருக்கும் பெட்டியின் வான் ஐபியைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு நடந்தது சிஜிநாட்தான் என்று நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரட்டை ரவுட்டரும் இதே அறிகுறியைக் காட்டும். இன்னொன்று, வீட்டு வைஃபையிலேயே உட்கார்ந்துகொண்டு வெளி முகவரியைத் திறந்து பார்த்துவிட்டு "வரவில்லை" என்பவர்கள் நிறைய. பல ரவுட்டர்கள் உள்ளேயிருந்து கிளம்பி வெளியே போய்த் திரும்பி உள்ளே வருவதை அனுமதிக்காது. சோதிப்பதென்றால் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

அப்புறம் ஒரு அவசரமான விஷயம். அந்த போர்ட் ஃபார்வர்டிங்கை இன்றே எடுத்துவிடுங்கள். சிஜிநாட் இருந்தால் அது இப்போதைக்கு ஆபத்தில்லாமல் தூங்கும். நாளைக்கு நிலையான ஐபி வாங்கிய மறுநிமிடம் அது விழித்துக்கொள்ளும். 2016-இல் மிராய் என்ற நிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கியது. அந்த வருடம் அக்டோபரில் இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றையே பலருக்கு எட்டாமல் செய்தார்கள். நாஸ் பக்கம் 2021-இல் கியூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்று இரண்டு அலை. இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தவர்களின் குடும்பப் படங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019-இல் ப்ளூகீப் என்ற ஓட்டை வந்தது, பாஸ்வேர்டே தேவையில்லாமல் உள்ளே நுழைய வழி தந்தது. "அதன் வழக்கமான 3389-க்குப் பதிலாக வேறு போர்ட் எண் வைத்திருக்கிறேன் சார்" என்பது சமாதானம் ஆகாது. எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. வீட்டுக்கு ஒரே ஒரு வாசல், அது விபிஎன். கேமராவோ நாஸோ தன் கதவைத் தானே தெருவுக்குத் திறக்கக் கூடாது. ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒரு வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துவிடும் வேலை அதனுடையது.

சிஜிநாட் என்று தெரிந்தால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, உங்கள் இணைய நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்பது. சிலர் தனிக் கட்டணத்துக்குக் கொடுப்பார்கள், சிலர் வணிக இணைப்புக்கு மட்டும் என்பார்கள். ஒரே நிறுவனத்திலேயே ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது, அதனால் கட்டணத்தை நான் சொல்லாமல் இருப்பதே மேல். இரண்டு, முகவரிப் பஞ்சம் இல்லாத புதிய வகையான ஐபிவி6. நம் நாட்டில் ஐபிவி6 நன்றாகவே பரவியிருக்கிறது. வீட்டு இணைப்பில் அது இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி உண்டு, சிஜிநாட் பிரச்சினையே கிடையாது. ரவுட்டரின் ஃபயர்வாலில் ஒரு யுடிபி போர்ட்டை மட்டும் திறந்தால் போதும் (யுடிபி, டிசிபி என்பவை தரவை அனுப்பும் இரண்டு முறைகள்). இதன் குறை, நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும். ஜியோ மொபைலில் வேலை செய்யும். ஆபீஸ் வைஃபையில் கையை விரித்துவிடும். முகவரியின் முன்பகுதியான முன்னொட்டு எண்ணும் அவ்வப்போது மாறும். இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மூன்றாவது வழி, மேன்ஷனில் இருப்பவர் தானே கீழே வந்து வெளியே போன் செய்து, லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருப்பது. வீட்டுக்குள் இருக்கும் கருவி வெளியே ஒரு சர்வரோடு தொடர்பை ஏற்படுத்திக்கொண்டு காத்திருக்கும், நீங்கள் அந்த வழியாக உள்ளே வருவீர்கள்.

உங்கள் நிலையில் நான் மூன்றாவது வழியைத்தான் எடுப்பேன், அதிலும் முதலில் டெயில்ஸ்கேல். இது வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறையின் மேல் கட்டியது. சாவிகளைப் பரிமாறுவது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது, இரண்டு பக்கமும் நாட் (ஒரே முகவரியைப் பல கருவிகள் பகிரும் ஏற்பாடு) இருந்தாலும் நடுவில் ஒரு துளை போட்டு இணைப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், இனி சுருக்கமாக பை) அல்லது எப்போதும் ஓடும் ஏதாவது லினக்ஸ் பெட்டியில் நிறுவி, அதன் வழியாக வீட்டின் மற்றக் கருவிகளையும் எட்ட விடும் "சப்நெட் ரவுட்டர்" வசதியை இயக்குங்கள். நிர்வாகப் பக்கத்தில் அந்த வழியை ஒருமுறை அனுமதிக்கவும் வேண்டும், இதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அதன்பின் டிவிஆருக்குள் எதையும் நிறுவத் தேவையில்லை. வீட்டில் என்ன முகவரியில் திறப்பீர்களோ அதே முகவரியில் பெங்களூரிலும் திறக்கும்.

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதி ஆகும். வீட்டில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, நீங்கள் வெளியூரில் இருக்கும் ஒரு நாளில் வீடு காணாமல் போகும். இரண்டாவது, உள்ளே நுழைவது உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக. அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு இல்லையென்றால் வீட்டுச் சாவியைப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு வருவது மாதிரிதான். மூன்றாவது, நேரடி இணைப்பு எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. சில நாட் அமைப்புகளில் துளை போட முடியாமல் அவர்களுடைய இடைநிலை சர்வர் வழியாகப் போகும். பாதுகாப்புக்குக் குறைவில்லை, அவர்களால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. ஆனால் வேகம் படுத்துவிடும். கருவிப் பட்டியலைக் காட்டும் ஸ்டேட்டஸ் கட்டளையில் நேரடியா, இடைநிலையா என்று தெரிந்துவிடும். இன்னொரு குழப்பம்: டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரிகளும் 100 என்றுதான் தொடங்கும், அதே ஒதுக்கப்பட்ட தொகுதி. அதைப் பார்த்து இணைய நிறுவனம் கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

"நடுவில் இன்னொரு கம்பெனி எதற்கு, எல்லாம் என் கையில் இருக்கட்டும்" என்று நினைத்தால் வயர்கார்டை நேராகவே போடலாம். எனக்கும் அதுதான் பிடிக்கும், என் வீட்டில் ஓடுவதும் அதுதான். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 5.6-உடன் உள்ளேயே சேர்ந்துவிட்டது. லினக்ஸுக்கான அதன் நிரல் ஏறக்குறைய நாலாயிரம் வரிதான். பழைய விபிஎன் மென்பொருள்களின் அளவோடு ஒப்பிட்டால் இது ஒரு கைக்குட்டை. இதில் பயனர் பெயர், பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி. வீட்டில் உங்கள் போனின் பொதுச் சாவியை எழுதி வைப்பீர்கள், போனில் வீட்டின் பொதுச் சாவி. தெரியாத சாவியோடு வருபவருக்கு அது பதிலே சொல்லாது, "இல்லை" என்றுகூடச் சொல்லாது. வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. இந்த ஊமைத்தனம் பாதுகாப்புக்கு வரம், பழுது பார்ப்பவனுக்குச் சாபம். ஒரு எழுத்து தவறினாலும் பிழைச் செய்தி எதுவும் வராமல் சும்மா இருக்கும்.

சொந்த ஐபி இருந்தால் ரவுட்டரில் 51820 என்ற யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் பைக்குத் திருப்பிவிட்டால் போதும். யுடிபி என்பதை இரண்டு முறை சரிபாருங்கள், பாதிப் பேர் டிசிபியைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐபி அவ்வப்போது மாறுமானால் டக்டிஎன்எஸ் போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவையில், மாறும் ஐபியைச் சுட்டும் ஒரு பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வயர்கார்டு அந்தப் பெயரைத் தொடங்கும்போது ஒருமுறைதான் விசாரிக்கும். நடுவில் வீட்டு ஐபி மாறினால் பழைய இடத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும், அணைத்துப் போட்டால் சரியாகும். சிஜிநாட் இருந்தால் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் தரவு மையத்தில் ஆகச் சிறிய விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டுப் பையும் உங்கள் போனும் அதோடு இணையும்படி செய்யலாம். வீட்டுப் பக்கத்தில் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும் அமைப்பைக் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் நாட் பெட்டி நீங்கள் கிளம்பிப் போய்விட்டதாக நினைத்து லைனை வெட்டிவிடும்.

அமைப்புக் கோப்பில் எல்லோரும் தடுக்கி விழும் வரி "அலவுட் ஐபிஸ்". பெயரைப் பார்த்தால் அனுமதிப் பட்டியல் மாதிரி இருக்கிறது, உண்மையில் அது வழிகாட்டிப் பலகையும்கூட. போனில் அந்த இடத்தில் வீட்டு நெட்வொர்க்கை மட்டும் எழுதினால் வீட்டுக்கான போக்குவரத்து மட்டும் சுரங்கத்தில் போகும், மற்றதெல்லாம் வழக்கம்போல. 0.0.0.0/0 என்று எழுதினால் போனின் எல்லாப் போக்குவரத்தும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும். ரயில் நிலைய வைஃபையில் வங்கி வேலை பார்ப்பவருக்கு அது உதவும். உங்களுக்குத் தேவை முதல் வகை. வீட்டுப் பக்கத்தில் அந்த இடத்தில் போனுக்குக் கொடுத்த ஒற்றை முகவரியை /32 போட்டு எழுத வேண்டும். அதோடு பையில், ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, மாஸ்கரேட் விதி ஒன்றும் போடுங்கள். மாஸ்கரேட் போட்டால் டிவிஆருக்கு நீங்கள் பை இருக்கும் இடத்திலிருந்து வருவது போலத் தெரியும், பதில் வழி தவறாது. தன் நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கோப்புப் பகிர்வைத் தர மறுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலும் இதனால் சமாதானமாகிவிடும். ஒரு கருவிக்கு ஒரு சாவி என்பதை மீறாதீர்கள். ஒரே சாவியைப் போனிலும் லேப்டாப்பிலும் போட்டால் இரண்டும் மாறி மாறி இணைப்பைப் பறித்துக்கொள்ளும். தனித்தனியாக இருந்தால் போன் தொலைந்த அன்று அந்த ஒரு சாவியை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: வீட்டு நெட்வொர்க்கின் எண்ணை மாற்றுங்கள். உங்கள் வீடு 192.168.1.0 என்ற தொகுதியில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நீங்கள் தங்கியிருக்கும் பெங்களூர் அறையின் ரவுட்டரும் அதே எண்ணில்தான் இருக்கும், ஊரில் பாதி ரவுட்டர் அப்படித்தான் பெட்டியிலிருந்து வருகிறது. அப்போது 192.168.1.50 என்று கேட்டால் லேப்டாப் "அது இங்கேயே இருக்கிறதே" என்று அறைக்குள்ளேயே தேடும், சுரங்கத்தின் பக்கம் திரும்பாது. ஒருமுறை ஒரு டாக்டருக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு அருமையாக ஓடியது. மாநாட்டுக்குப் போன ஊரில் ஓட்டல் வைஃபையில் திறக்கவில்லை என்று இரவு பதினோரு மணிக்குப் போன். மொபைல் டேட்டாவில் திறக்கிறது, ஓட்டலில் திறக்கவில்லை. கிளினிக், ஓட்டல் இரண்டும் ஒரே எண். அன்றிலிருந்து நான் போடும் எந்த இடத்துக்கும் 192.168.73.0 மாதிரி யாரும் நினைக்காத எண்ணைத்தான் வைக்கிறேன். டிவிஆரில் ஐபியைக் கையால் போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதனால் இந்த வேலையை ஊருக்குப் போயிருக்கும்போது செய்யுங்கள், பெங்களூரிலிருந்து முயற்சி செய்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையை நீங்களே வெட்டுவீர்கள்.

இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. என் வீட்டுப் பை வெளியே ஒரு விபிஎஸ்ஸோடு வயர்கார்டில் பேசிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்தால் சுரங்கம் உடனே வராது. சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம் கழித்துத் தானாக வந்துவிடும். தானாக வருவதால் எங்கே தவறு என்றே பிடிபடவில்லை. கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், இணைய நிறுவனத்துக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன், பாவம். கடைசியில் பார்த்தால் கடிகாரம். அந்தப் பையில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும், அதை அவ்வப்போதுதான் எழுதி வைக்கும். வயர்கார்டு ஒவ்வொரு முறை கைகுலுக்கும்போதும் நேர முத்திரை ஒன்றை அனுப்பும். முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரையோடு வந்தால், யாரோ பழைய பொட்டலத்தைத் திரும்ப அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று மறுபக்கம் பேசாமல் தள்ளிவிடும். பையின் கடிகாரம் மெல்ல ஓடி பழைய நேரத்தைத் தாண்டியதும் கதவு திறக்கும். சாதாரணமாக பை இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நான் அதன் எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் திருப்பியிருந்ததால் நேரம் கேட்கவும் வழியில்லை. அலவுட் ஐபிஸ் வரியைச் சுருக்கியதும் தீர்ந்தது.

கரண்ட் விஷயத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும், விபிஎன்னைவிட அதுதான் உங்களைப் படுத்தப் போகிறது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பை மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, உங்கள் பெட்டியின் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் சில ரவுட்டர்கள் அணைந்து எழும், அதையும் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரின் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) கரண்ட் வந்ததும் தானே எழும்படி ஒரு அமைப்பு உண்டு. பையில் மெமரி கார்டு திடீர் மின்வெட்டில் கெட்டுப்போகும், சரியாக ஓடும் நிலையில் ஒரு நகல் எடுத்து அப்பாவின் பீரோவில் வையுங்கள். அப்பாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். தெரிய வேண்டியதில்லை, பெட்டிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். "அப்பா, இரண்டாம் நம்பர் பெட்டியை அணைச்சு, முப்பது எண்ணி, திரும்பப் போடுங்க" என்று போனில் சொன்னால் போதும். "அந்த ரவுட்டர் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல பச்சை லைட்டு" என்று ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம்தான். வாய்ப்பிருந்தால் இரண்டு வழியையும் வையுங்கள்: டெயில்ஸ்கேலும் வயர்கார்டும், ஒன்று விழுந்தால் மற்றது. வெளியூரில் இருக்கும்போது உள்ளே போய் அமைப்பை மாற்றி, தன் கதவைத் தானே பூட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இணைப்பு வந்த பிறகும் ஒரு விசித்திரம் நடக்கலாம். பிங் (சின்னச் சோதனைப் பொட்டலம்) போகும், கட்டளைத் திரை திறக்கும், ஆனால் நாஸின் இணையப் பக்கம் பாதியில் நின்றுவிடும். பெரிய பொட்டலங்கள் எங்கோ சிக்குகின்றன என்று அர்த்தம். வயர்கார்டின் எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) வழக்கமாக 1420 பைட். பிபிபிஓஇ (ரவுட்டரில் பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் வகை) இணைப்பில் சுரங்கம் ஐபிவி6 மேல் போனால் அதுவே கொஞ்சம் அதிகம். மொபைல் நெட்வொர்க்குகளில் இன்னும் குறைவாகத் தேவைப்படலாம். 1280 என்று வைத்துப் பாருங்கள், சரியானால் காரணம் அதுதான்.

வேகம் உங்கள் வீட்டின் அப்லோடு வேகத்தைத் தாண்டாது. நீங்கள் பெங்களூரில் டவுன்லோடு செய்வது திருச்சிக்கு அப்லோடு. 1080பி கேமரா ஒன்று முழுத் தரத்தில் 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை எடுக்கும், நான்கையும் ஒன்றாகப் பார்ப்பதென்றால் தரம் குறைந்த துணை ஓட்டத்தை (சப் ஸ்ட்ரீம்) தேர்ந்தெடுங்கள். கேமரா மட்டும்தான் வேண்டும் என்றால், உண்மையைச் சொல்கிறேன், டிவிஆர் பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைத் தயாரிப்பாளரின் ஆப்பில் ஸ்கேன் செய்தாலே பார்க்கலாம், விபிஎன்னே வேண்டாம். உங்கள் வீட்டுக் கூடத்தின் படம் அவர்களுடைய சர்வரை நம்பிப் போகிறது, அதற்கு உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி. எனக்குச் சம்மதமில்லை, வாசல் கேமரா மட்டும் என்றால் யோசிப்பேன்.

ஓப்பன்விபிஎன் பற்றியும் யாராவது கேட்பார்கள். 2001-இலிருந்து இருக்கிறது, நம்பகமானது, பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் 443 டிசிபி-யில் ஓட வைக்க முடியும் என்பதால் யுடிபியைத் தடுக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குகளில் கைகொடுக்கும். வயர்கார்டு அங்கே தோற்கும். அந்தத் தேவை இல்லையென்றால் புதிதாகத் தொடங்குபவர் அதன் சான்றிதழ் வேலைகளுக்குள் போக வேண்டாம். ரவுட்டரிலேயே பிபிடிபி என்று ஒரு விபிஎன் வசதி இருந்தால் தொடவே தொடாதீர்கள். அதன் பூட்டை 2012-இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆபீஸ் லேப்டாப்பில் இவற்றில் எதையும் அனுமதி கேட்காமல் நிறுவவும் வேண்டாம், அது தொழில்நுட்பப் பிரச்சினையாக இல்லாமல் எச்ஆர் பிரச்சினையாக முடியும்.

சட்டம் பற்றி ஒரு வரி, நான் வக்கீல் இல்லை என்ற எச்சரிக்கையோடு. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொல்வது விபிஎன், விபிஎஸ் சேவையை மற்றவர்களுக்குக் கொடுக்கும் நிறுவனங்களை. சொந்த வீட்டுக்குள் தான் நுழைய ஒருவர் சுரங்கம் போட்டுக்கொள்வதைப் பற்றி அது பேசவில்லை என்பதே என் புரிதல். விபிஎஸ் வாடகைக்கு எடுக்கும்போது பெயர், முகவரி எல்லாம் கேட்பதற்கு ஒரு காரணம் இது. வளைகுடா நாடுகளுக்கு வேலை மாறினால் அங்கே விபிஎன் விதிகள் வேறு, போவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போன் செய்து அந்த இரண்டு எண்களையும் வாங்கிப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதினால் எந்த வழி என்று சொல்கிறேன். முழு ஐபியையும் போட வேண்டாம், முதல் இரண்டு எண் போதும்.